மேடையும் சாசனமும்

2024 ஜூன் 28 அன்று மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தன் பல்வேறு வளாகங்களில் பணியாற்றிய சுமார் 55 ஆசிரியர்களுக்கும் 60 ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் ஓர் அறிவிப்பை அனுப்பியது. அவர்களுடைய ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிவடைகிறது, அதற்குமேல் நீட்டிக்கப்படாது என்பதே அதன் சாரம். அவர்களுள் சிலர் பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே பாடம் நடத்தி வந்தவர்கள். அவர்களது ஊதியத்துக்கு டாட்டா கல்வி அறக்கட்டளை வழங்கி வந்த நிதி வந்து சேரவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இரண்டே நாளில், ஊதியத்துக்கான தொகையை விடுவிக்க அறக்கட்டளை உறுதியளித்திருப்பதாகக் கூறி நிறுவனம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. செய்தித்தாள்களில் விவகாரம் அத்துடன் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. கல்விக்குக் கொடை தருபவரை ஒரு கல்வி நிறுவனம் பாராட்டும்போது, அது எதைப் பாராட்டுகிறது?

கேள்வி இன்று அவசரமானது. அமெரிக்கக் கல்லூரிகளின் வழக்கமாக இருந்த 'காலா' விருந்து இந்திய உயர்கல்விக்குள்ளும் நுழைந்துவிட்டது. நட்சத்திர விடுதியின் பெரிய கூடம், பொதுத்தொண்டில் பெயர்பெற்ற ஒருவருக்கு வாழ்நாள் விருது, அவரைப் பற்றிய குறும்படம், பொன்னாடை, பின்னர் கல்லூரியின் உதவித்தொகைத் திட்டத்துக்கு நன்கொடை வேண்டுகோள் என்பது அதன் வரிசை. முன்னாள் மாணவர் சங்கங்கள் வெளிநாட்டு நகரங்களில் நடத்தும் இத்தகைய விருந்துகள் இப்போது சென்னையிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அரங்கேறுகின்றன. அரசு நிதி சுருங்கச் சுருங்க இந்த வரிசை இன்னும் நீளும். ஆகவே அதன் உள்ளியக்கத்தைப் பார்ப்பது தேவையாகிறது.

இவ்விருந்தில் விற்கப்படுவது மேசை. ஒரு மேசைக்குப் பத்துப்பேர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிறுவனம் முழு மேசையையும் வாங்கித் தன் அதிகாரிகளையும் வாடிக்கையாளர்களையும் அமர்த்தும். மேசை விற்கவேண்டுமானால் பாராட்டப்படுபவர் பலருக்கு வேண்டியவராக இருக்கவேண்டும். அவரது தொழில் கூட்டாளிகளும், அவரிடம் காரியம் ஆகவேண்டியவர்களும், அவரது அறக்கட்டளையிடம் நிதி எதிர்பார்ப்பவர்களும் வரவேண்டும். எனவே யாரைப் பாராட்டுவது என்று குழு கூடி முடிவெடுக்கும்போது 'இவர் என்ன செய்தார்' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே 'இவருக்காக எத்தனை மேசை விற்கும்' என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. தொண்டு செய்தவர் என்பதால் பாராட்டப்படுபவரும், பணம் வரும் என்பதால் பாராட்டப்படுபவரும் ஒரே மேடையில் ஒரே பொன்னாடையைப் பெறுகிறார்கள். பார்வையாளரால் இருவரையும் பிரித்தறிய இயலாது.

அமெரிக்க வரிச்சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 75 டாலருக்கு மேல் நன்கொடை செலுத்தி அதற்கு ஈடாக விருந்து போன்ற ஒன்றைப் பெறுபவருக்கு, அந்த விருந்தின் மதிப்பு எவ்வளவு என்பதை அறநிறுவனம் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். உண்ட உணவின் மதிப்பைக் கழித்த மீதிக்கே வரிவிலக்கு. சாப்பாடு வேறு, கொடை வேறு என்று சட்டம் கோடு போடுகிறது. மேடையில் கிடைக்கும் புகழுக்கு விலை போட மட்டும் அதனால் முடியவில்லை.

தமிழ்ச் சமூகத்துக்கு விருந்து வைத்துப் பணம் திரட்டுவது புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம் வட்டாரத்திலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்து இதற்குச் சிறந்த சான்று. அங்கே பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு மொய் எழுதுபவர் அமர்ந்திருக்கிறார். யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் எழுதப்படுகிறது. வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விருந்து வரும்போது அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்தியாகவேண்டும். சற்றுக் கூட்டியே செலுத்துவது வழக்கம். தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. இதில் சுரண்டலும் கடன் சுமையும் உண்டு என்ற விமர்சனங்கள் சரியானவை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மொய் விருந்தின் மையப்பொருள் நோட்டு. யார் யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பது அதில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. கல்லூரியின் பாராட்டு விருந்தில் மேடை இருக்கிறது; விருதும் புகைப்படமும் இருக்கின்றன; அந்த நோட்டு இல்லை. அறிவிக்கப்பட்ட தொகை எத்தனை தவணையில் வரும், எப்போது நிற்கும், நின்றால் யார் வேலை போகும் என்பதை அறிய விருந்தினருக்கு வழியில்லை. பல வேளைகளில் ஆசிரியர்களுக்கும் வழியில்லை.

இங்கிருந்து டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தோற்றத்துக்குத் திரும்புவது பயனுள்ளது. சர் தோராப்ஜி டாட்டா 1932இல் தம் பெயரிலான அறக்கட்டளையை உருவாக்கி, டாட்டா நிறுவனப் பங்குகள், நிலபுலன்கள், முந்தைய ஆண்டு மறைந்த மனைவி மெஹர்பாயின் நகைகள் உட்படத் தம் உடைமைகளை அதற்கு எழுதிவைத்தார். அதே ஆண்டு ஜூன் 3 அன்று ஜெர்மனியில் இறந்துபோனார். அமெரிக்கப் போதகரான கிளிஃபோர்ட் மான்ஷார்ட், பம்பாயின் நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே நடத்திவந்த சமூகப் பணி மையத்தின் அனுபவத்திலிருந்து, முறையாகப் பயிற்சிபெற்ற சமூகப் பணியாளர்கள் தேவை என்ற முடிவுக்கு வந்தார். அறக்கட்டளை அதை ஏற்று 1936இல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பட்டப்பள்ளியைத் தொடங்கியது. மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். 1944இல் பெயர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று மாறியது. 1954இல் அது கோவண்டி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள தேவனார் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

இந்த வரிசையில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. பள்ளி தொடங்கியபோது கொடையாளர் உயிருடன் இல்லை. மாலை போட ஆளில்லை. பெயர் மாறியபோது அவருடைய முதற்பெயரும் பலகையிலிருந்து நீங்கியது. ஆனால் நிதி நீங்கவில்லை. ஏனென்றால் அது ஒரு மனிதரின் மனநிலையை நம்பி இருக்கவில்லை. பத்திரத்தை நம்பி இருந்தது. கொடுத்தவர் திரும்ப வாங்க முடியாதபடி கொடுத்திருந்தார். அதே அறக்கட்டளையின் நிதியில் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்தது. 1957இல் அது மத்திய சுகாதார அமைச்சகத்திடமும், 1962இல் அணுசக்தித் துறையிடமும் சென்றது. இன்றும் நாட்டின் ஏழைப் புற்றுநோயாளிகள் பரேலில் அதன் வாசலில் காத்திருக்கிறார்கள். தனியார் கொடை பொதுச் சொத்தாக மாறி நிலைத்ததற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

இன்னொரு செய்தியும் உண்டு. 1924இல் டாட்டா இரும்பாலை நெருக்கடியில் சிக்கி ஊதியம் கொடுக்கவும் பணமின்றித் தவித்தபோது, தோராப்ஜி தம் சொந்தச் சொத்தையும் மனைவியின் 245 காரட் ஜூபிலி வைரத்தையும் ஈடுவைத்து இம்பீரியல் வங்கியில் கடன் பெற்றார் என்பது அக்குழுமத்தின் வரலாற்றில் பெருமையுடன் சொல்லப்படுவது. ஊதியம் தவறக்கூடாது என்பதற்காக வைரம் அடகுக்குப் போன அந்த வரலாற்றுக்கு முன்னால் 2024இன் இரண்டு நாட்களை வைத்துப் பார்க்கவேண்டும். 2024இல் நிதி வழங்கியது வேறோர் அறக்கட்டளை. அது விரைவில் தலையிட்டுப் பணத்தையும் உறுதி செய்தது. எனவே இதை ஒரு குடும்பத்தின் வீழ்ச்சிக் கதையாக வாசிப்பது தவறு. மாறியது கொடையின் வடிவம். அன்றைய கொடை நிலையான மூலதனமாக வந்தது. இன்றைய கொடை காலவரம்புள்ள திட்டமாக வருகிறது. ஒரு திட்டத்துக்காக நியமிக்கப்பட்ட ஆசிரியர், அவர் எத்தனை ஆண்டு கற்பித்தாலும், திட்டத்தின் ஆயுளைத் தாண்டி நிலைக்க உரிமையற்றவர் ஆகிறார். அவர் உருவாக்கிய பாடத்திட்டமும் அவரிடம் ஆய்வு செய்யும் மாணவரும் அதே நூலில் தொங்குகிறார்கள்.

இந்த வடிவ மாற்றத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடவேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இவ்விதி, கல்விக்குப் பெருந்தொகையைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் 2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்ட பிறகு, ஓர் அமைப்பின் மூலதன நிதிக்கு வழங்கும் தொகை இச்செலவாகக் கணக்கிடப்படுவதில்லை. பல ஆண்டுத் திட்டமாக இருந்தாலும், தொடங்கிய ஆண்டை விடுத்து மூன்று ஆண்டுகளே அதன் எல்லை. முறைகேடுகளைத் தடுக்கவும் செலவைக் கண்காணிக்கவும் இவ்விதிகள் வந்திருக்கலாம். விளைவு என்னவெனில், ஒரு நிரந்தரப் பேராசிரியர் பணியிடத்தை உருவாக்கும் வகையில் இப்பணத்தைக் கொடுக்க வழியில்லை. கட்டடம் கட்டலாம், கணினி வாங்கலாம், மூன்றாண்டுப் பயிற்சி நடத்தலாம். முப்பது ஆண்டுகள் கற்பிக்கப்போகும் ஒருவரை நியமிக்க முடியாது. ஆகவே மேடையில் கோடிகள் அறிவிக்கப்படும் அதே கல்லூரியில் ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் நீடிப்பது முரண்பாடு போலத் தோன்றினாலும், விதிகளின் நேரடி விளைவே அது.

பழைய தமிழகம் இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளைக் கொடையாக விடுவது சோழர் காலக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகும், குட்டி ஈனும். எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. இதனால்தான் அக்கொடைக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. அதைவிட விரிவாக, யார் பொறுப்பு, எந்த அளவையால் அளப்பது, எதுவரை என்பதைச் சொல்கிறது. 'எதுவரை' என்பதற்கு விடை: சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கொடையாளருக்குக் கிடைக்கும் பெருமையும் கொடையின் நிபந்தனையும் ஒரே கல்லில், எல்லோரும் பார்க்கும் சுவரில் பொறிக்கப்பட்டன. கல்விக்கும் இதே முறைதான். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரியைக் குறிப்பிடுகிறது. அதற்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது; மாணவருக்கு நாள்தோறும் எவ்வளவு நெல், ஆசிரியருக்கு எவ்வளவு என்பது வகைபிரித்து எழுதப்பட்டது. ஆசிரியரின் ஊதியம் கல்வெட்டில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

இந்தப் பழமையைப் பொற்காலமாக்கிப் புகழ வேண்டியதில்லை. எண்ணாயிரத்தில் வேதமும் வியாகரணமும் மீமாஞ்சையும் பயின்றவர்கள் பிராமண மாணவர்கள். அந்த நிலத்தில் உழுதவரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. சாசனம் நிலைத்தது, விலக்கலும் அதனுடன் நிலைத்தது. பச்சையப்பர் அறக்கட்டளை இதற்குப் பிற்காலச் சான்று. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில்களுக்கும் தருமங்களுக்கும் எழுதிவைத்த செல்வம் நெடுங்காலம் வழக்கில் சிக்கியது. பின்னர் சென்னை உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டு, தருமங்களுக்குப் போக எஞ்சிய பணத்திலிருந்து 1842இல் பள்ளி தொடங்கியது. அதுவே கல்லூரியாக வளர்ந்தது. தனியார் கொடையைப் பொதுக் கல்வியாக்கியது நீதிமன்றத்தின் கட்டளை. ஆயினும் அக்கல்லூரி 1947 வரை இந்து மாணவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆக, திரும்பப்பெற முடியாத கொடை என்பது மட்டும் போதாது. அதன் நிபந்தனைகள் பொதுவிவாதத்துக்கும் திருத்தத்துக்கும் திறந்திருக்கவேண்டும். கொடுத்தவரின் விருப்பம் என்றென்றைக்கும் சட்டமாக இருக்கலாகாது. கொடுத்த பணம் என்றென்றைக்கும் கல்விக்கே இருக்கவேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு.

பெயரின் ஆயுள் பற்றியும் அண்மைக் காலம் ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் தன் மருத்துவக் கல்விக் கட்டடங்களிலிருந்தும் திட்டங்களிலிருந்தும் சாக்லர் குடும்பத்தின் பெயரை நீக்கியது. வலிநிவாரணி மாத்திரைகளால் விளைந்த பெருந்துயரில் அக்குடும்பத்தின் நிறுவனத்துக்கு இருந்த பங்கு வெளிச்சத்துக்கு வந்ததும், பெயர் தாங்கிய சுவர் மாணவர்களுக்கே அவமானமாகிப்போனது. பெயரை வாங்கிக்கொண்டபோது எவரும் கேட்காத கேள்விகளைப் பின்னர் பல்கலைக்கழகம் தானே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு கல்வி நிறுவனம் ஒருவருக்கு விருது அளிப்பது, அறிவுலகின் பெயரால் சான்று அளிப்பதாகும். ஆய்வேட்டில் ஒரு வரிக்கு ஆதாரம் கேட்கும் நிறுவனம், விருதுச் சான்றிதழில் எழுதும் புகழ்மொழிக்கும் ஆதாரம் கேட்டிருக்கவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாராட்டு இல்லாவிட்டால் எவர் கொடுப்பார்? அரசும் கொடுக்காமல், செல்வரும் கொடுக்காமல் போனால் ஏழை மாணவரின் கட்டணத்தை யார் கட்டுவது? மேடையைக் குறைகூறுவது எளிது. விடுதிக் கட்டணம் கட்டமுடியாமல் ஊர் திரும்பும் மாணவருக்கு அந்த மேடையில் திரண்ட உதவித்தொகை வாழ்க்கையாக இருக்கலாம்.

இம்மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. பொதுமேடை நன்மையும் செய்திருக்கிறது. 1947இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அங்கேயே காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்குவதாக அழகப்பச் செட்டியார் அறிவித்தார். அதே ஆண்டில் கல்லூரி தொடங்கியும் விட்டது. பின்னர் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். தாம் வாழ்ந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்கு அளித்தார். பலர் முன்னிலையில் சொல்லப்பட்ட சொல், சொன்னவரைக் கட்டியது. ஆனால் அந்த மேடையின் இயல்பைக் கவனிக்கவேண்டும். அவர் அங்கே பாராட்டப்பட வந்தவரல்லர், கேட்கப்பட்டவர். கல்விமான் கேட்டார், செல்வர் கடமைப்பட்டார். இன்றைய விருந்தில் செல்வர் முதலில் பாராட்டப்படுகிறார். கல்விமான் நன்றி சொல்கிறார். கடமை என்ன என்பது சொல்லப்படாமலே இரவு முடிகிறது.

யாரையும் மேடையேற்றாமலும் கல்விக்குப் பணம் திரட்டப்பட்டிருக்கிறது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் தம் வியாபாரத்தின் ஒரு பங்கை 'மகமை' என்று பொதுநிதிக்குச் செலுத்தினார்கள். அது கொடையாகக் கருதப்படவில்லை. ஊரில் வணிகம் செய்வதற்கான கடமையாகக் கருதப்பட்டது. விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை இவ்வழியில் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு நாளும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்குக் கொடுத்த வழக்கமும் அவ்வூருக்கு உரியது. அப்பள்ளியில் படித்த காமராசர் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளியும் மதிய உணவும் கொண்டுவந்தபோது, பிடி அரிசி அரசின் கடமையாக விரிந்தது என்று கொள்ளலாம். மும்பையிலும், 1932இல் மாட்டுங்காவை மையமாகக் கொண்டு தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது, புலம்பெயர்ந்து வந்த நடுத்தரக் குடும்பங்கள் தம் பிள்ளைகளின் படிப்பைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள முனைந்ததன் பயன். திருக்குறளின் அதிகார வைப்பும் இங்கே நினைக்கத்தக்கது. 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23 ஈகை, 24 புகழ். சமூகத்துக்குச் செய்யவேண்டிய கடமை முதலில் நிற்கிறது. தனியொருவர் வறியவர்க்கு ஈவது அடுத்து. புகழ் அதற்கும் பின்னர். இன்றைய விருந்து மூன்றாவதில் தொடங்கி இரண்டாவதைத் தொட்டுவிட்டு முதலாவதை எட்டாமலே நின்றுவிடுகிறது.

ஒப்புரவு என்ற சொல் கோவண்டியில் வெறும் இலக்கியச் சொல்லாக இருக்கமுடியாது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அமைந்துள்ள எம் கிழக்கு வார்டு, 2009இல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் 24 வார்டுகளுள் கடைசி இடத்தில் இருந்தது. 1927 முதல் நகரத்தின் குப்பையைத் தாங்கிவரும் தேவனார் குப்பைமேடு அங்கேதான் இருக்கிறது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் லல்லுபாய் வளாகம், நட்வர் பாரேக் வளாகம் ஆகியவற்றின் நெருக்கமான கட்டடங்களில் குடியேற்றப்பட்டதும் அங்கேதான். 1976இல் அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சீட்டா கேம்ப்பில் விடப்பட்டவர்களில் தமிழர் பலர். அந்த வார்டில் பொதுத்தொண்டு என்றால் என்ன என்பதற்கு எந்த விருதுக்குழுவையும்விடத் தகுதியான சாட்சிகள் இருக்கிறார்கள். ஒருவரின் தொண்டைப் பாராட்டும் மேடையில் அவருடைய தொண்டைப் பெற்றவர்களின் குரல் அரிதாகவே கேட்கிறது. கேட்டாலும் குறும்படத்தில் முப்பது விநாடி நன்றி சொல்லும் முகமாக மட்டும்.

இதே நிறுவனம் 2011இல் தன் 75ஆம் ஆண்டை நெருங்கியபோது வேறொரு வழியையும் காட்டியது. பவள விழாவை ஒட்டி, சுற்றியுள்ள எம் வார்டையே தன் களமாக ஏற்று, மாணவரும் ஆசிரியரும் பங்கேற்கும் ஆய்வையும் செயல்திட்டத்தையும் அது தொடங்கியது. அத்திட்டம் எவ்வளவு சாதித்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தால் ஒரு வார்டின் தலையெழுத்தை மாற்றிவிட முடியாது. ஆனால் விழா எடுக்கவேண்டிய ஆண்டில், மதிலுக்கு வெளியே தான் பட்ட கடமை என்ன என்று கணக்கெடுக்கப் புறப்பட்டது அந்த முடிவின் சிறப்பு. பாராட்டு விழா நடத்த விரும்பும் எந்தக் கல்லூரிக்கும் அது முன்மாதிரியாகும் தகுதி உடையது.

பாராட்டு விருந்துகள் நின்றுவிடப் போவதில்லை. நடக்கட்டும். நடத்தும் நிறுவனங்கள் சில நெறிகளை ஏற்கவேண்டும் என்று ஆசிரியர் சங்கங்களும் மாணவர் பேரவைகளும் கேட்பது நியாயம். முதலாவது, கொடையின் விதிமுறைகள் வெளியிடப்படவேண்டும்: தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு, திரும்பப்பெற இயலுமா, நிபந்தனைகள் எவை. இரண்டாவது, அப்பணத்தில் எத்தனை பணியிடங்கள் நிற்கின்றன என்பது சொல்லப்படவேண்டும். மூன்றாவது, நிதி நிற்குமானால் குறைந்தது ஒரு கல்வியாண்டுக்கு முன் அறிவிப்புத் தரவேண்டும் என்பது கொடை ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். இரண்டு நாள் அவகாசத்தில் எந்த ஆசிரியரும் தெருவுக்கு வரக்கூடாது. நான்காவது, விருந்தின் செலவும் திரண்ட தொகையும் அருகருகே காட்டப்படவேண்டும். ஐந்தாவது, பாராட்டுரைக்கு அடிப்படையான தொண்டு யாரிடத்தில் எப்படிச் சென்று சேர்ந்தது என்பது, சேர்ந்தவர்களைக் கேட்டு எழுதப்படவேண்டும்.

இதற்கெல்லாம் கேட்கும் உரிமை உண்டா என்று எவரேனும் வினவலாம். உண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 80ஜி பிரிவின் வழியே நன்கொடைக்கு வரிவிலக்கு அளித்தபோது, பொதுமக்களின் கருவூலமும் அந்தக் கொடையில் பங்குகொண்டது. செல்வர் 100 ரூபாய் கொடுத்து அதில் 50 ரூபாய்க்கு விலக்குப் பெறுகிறார் எனில், அந்த 50 ரூபாய்க்கு உரிய வரியை விட்டுக்கொடுத்தவர்கள் பொதுமக்கள். அவர்களுள் கோவண்டியில் பழைய இரும்பு பொறுக்குபவரும் அடக்கம். தீப்பெட்டி வாங்கும்போதும் அவர் மறைமுக வரி செலுத்துகிறார். மேடையில் அவர் பெயர் வாசிக்கப்படுவதில்லை. கணக்கையாவது அவர் பார்க்கும்படி வைக்கலாம்.

ஆகவே அடுத்த முறை ஒரு கல்லூரி பாராட்டு விருந்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது, விருது பெறுபவரின் படத்துக்குக் கீழே ஒரு வரி இடம்பெறட்டும்: இந்தத் தொகையால் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவர்கள், எந்த ஆண்டு வரை. அந்த வரியை எழுத முடிந்த கல்லூரி தாராளமாகப் பொன்னாடை போர்த்தலாம்.